சொற்பழியும் செயற்பழியும்

சொற்கள் தாமே இழிவடைவதில்லை. அவற்றை ஆள்வாருடைய செயலாலும், அவற்றாற் குறிக்கப்படுவார்மேல் உலகர் கொண்ட இகழ்ச்சியாலுமே அவை இழிவடைகின்றன. இதனை உணராது, சொல்லையே குற்றமுடையதாக்கி, அதனை அகற்றிவிடின் பழியும் உடன் அகலுமென்று கருதுவார் இக்காலத்துப் பலர். சைவ மேடைகளில் “பிரசாரம்” என்னும் சொல்லைக் கேட்டுக் கூச்சமடைவார் உளர். முன்னாளிற் பெருமிதத்தோடு வழங்கிய “சைவப் பிரசாரம்” என்னுந் தொடர், இன்று பொய்யும் புனைவும் கலந்த கட்சிப் பேச்சை நினைப்பூட்டுகின்றது என்பது அவர் கூறுங் காரணம். அக்காரணம் பொய்யன்று. ஆயினும் அவர் காட்டும் மருந்து நோய்க்கு ஏற்றதுதானா என்பது ஆராயற்பாலது.

கொங்கு நாட்டில் இதற்குக் கண்கூடான சான்றொன்று உண்டு. திருப்பூர் மாவட்டத்து வெள்ளகோவில் விசைத்தறி மிக்க ஊர். 2009-ஆம் ஆண்டில் அம்மாவட்டம் அமையுமுன் ஈரோடு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அவ்வூரிலும் சூழவுள்ள ஊர்களிலும் நூல், பாவு, ஊடை, சாயம் என்பன நாள்தோறும் வழங்குந் தொழிற்சொற்கள். இவற்றுள் சாயம் என்பது நிறமூட்டும் பொருளுக்குப் பெயர். அப்பெயரின்கண் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஆயின் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் பல்லாண்டு நொய்யலாற்றிற் கலந்தது. பாசனத்தின்பொருட்டு 1992-ஆம் ஆண்டில் அமைந்த ஒரத்துப்பாளையம் அணை, வயலுக்கு உதவும் நீரைத் தேக்குதற்கு மாறாகச் சாயக்கழிவைத் தேக்கும் இடமாயிற்று. 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட நேர்ந்தது. இத்துணையும் நிகழ்ந்தபின், வெள்ளகோவிலுக்கு வடக்கே நொய்யற்கரையிலுள்ள உழவர் “சாயத்தண்ணீர்” என்று கேட்கும்போது அவர் உள்ளத்தில் தோன்றுவது நிறமன்று; நஞ்சே. அகராதி மாறவில்லை, தொழிலின் பெயரும் மாறவில்லை. ஆற்றுக்குச் செய்த தீங்கு சொல்லின்மேல் ஏறிற்று. சாயம் என்பதற்கு ஈடாக வேறொரு சொல்லை வழங்கியிருப்பினும் ஆறு தெளிந்திராது. அப்புதுச்சொல்லே நஞ்சின் பெயராகியிருக்கும். பிரசாரம் என்னுஞ் சொல்லின் வரலாறும் இத்தகையதே.

பிரசாரம் என்பதற்கு நிகராக மேனாட்டார் வழங்கும் “புரொப்பகாந்தா” என்பது இலத்தீன் மொழியினின்றும் வந்தது. அதற்கு அடியாகிய வினைச்சொல் தோட்டத்தொழிலுக்குரியது. ஒரு செடியின் கிளையை வளைத்து மண்ணிற் பதியம் போட்டுப் பெருக்குதலைக் குறிப்பது. 1622-ஆம் ஆண்டில் உரோமைத் திருச்சபைத் தலைவராகிய பதினைந்தாம் கிரகோரி, தம் சமயத்தைப் பிறநாடுகளிற் பரப்புதற்கென ஒரு குழுவை நிறுவி, பரப்புதல் என்னும் பொருள்பட இச்சொல்லால் அதற்குப் பெயரிட்டனர். பிற சபையார் அதனை ஐயத்தோடு நோக்கினரெனினும், பரப்புதல் என்னுமளவில் அச்சொல் பழிப்புடையதன்று.

பழிப்பு முற்றியது 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த பெரும்போரிலாம். போரிட்ட அரசுகள் யாவும் பகைவர்மேற் கொடுமைகளைப் புனைந்துரைத்துத் தம் மக்களைச் சினமூட்டின. போர் முடிந்தபின் அக்கதைகளுட் பல பொய்யெனத் தெரிந்தபோது, நம்பி ஏமாந்த மக்களின் வெறுப்பு, பொய்யுரைத்தாரை மட்டுமன்றி அவர் தொழிற்பெயரையும் பற்றிற்று. 1928-ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டு ஆர்தர் பொன்சன்பி போர்க்காலப் பொய்களைத் தொகுத்து நூலாக்கினர். அதே ஆண்டில் அமெரிக்க நாட்டு எட்வர்டு பெர்னேசு அச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு ஒரு நூல் வெளியிட்டு, அது குற்றமற்ற சொல்லென நாட்ட முயன்றனர். முயற்சி பலிக்கவில்லை, அத்தொழில் “மக்கள் தொடர்பு” என்னும் வேறு பெயராற் பரவிற்று. 1933-ஆம் ஆண்டில் செருமனியில் இட்லர் ஆட்சி அதே சொல்லைப் பெயராகக் கொண்ட அமைச்சையே ஏற்படுத்தியபின், அச்சொல் மீளவொண்ணாப் பழியுட் பட்டது. ஈற்றில், மூன்று நூற்றாண்டுக்குமேல் அப்பெயரைத் தாங்கிய உரோமைக் குழுவும் 1967-ஆம் ஆண்டில் புதுப்பெயர் பூண்டது. சமயத்தார் நட்ட சொல்லை அரசியலார் கெடுத்தனர். கெடுத்தபின் நட்டவரே அதனைக் கைவிட வேண்டியதாயிற்று.

தமிழில் வழங்கும் பிரசாரம் வடசொல். முன்னே செல்லுதல், பரவுதல், வழக்கிலிருத்தல் என்பன அதன் பொருள். அச்சொல் பெருவழக்குறுமுன்பே அச்செயல் சைவரிடத்து வேரூன்றியிருந்தது. 1847-ஆம் ஆண்டு திசம்பர் 31-ஆம் நாள் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் ஆறுமுக நாவலர் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினர். மறு ஆண்டில் அவ்வூரிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினர்; 1864-ஆம் ஆண்டிற் சிதம்பரத்திலும் பாடசாலை கண்டனர்; அச்சுக்கூடம் வைத்து நூல்களைப் பிழையறப் பதிப்பித்தனர். பாதிரியாராகிய பெர்சிவலோடு உடனிருந்து விவிலிய மொழிபெயர்ப்பிற்கு உதவிய அவர், மேடை, பள்ளி, அச்சு என்னும் அவர்தம் கருவிகளின் ஆற்றலை நேரிற் கண்டவர். அக்கருவிகளையே சைவத்துக்கு ஆக்கினர். கருவி ஒன்றே, பயன் ஆள்வாரைப் பொறுத்தது. 1905-ஆம் ஆண்டிற்றோன்றிய சைவ சித்தாந்த மகா சமாஜம் முதலிய சபைகளும் அந்நெறியிற் சென்றனவே.

நாவலர் ஆண்ட பிரசங்கம் என்னுஞ் சொற்றானும் பிழைத்ததோவெனின், அற்றன்று. “அதிகப்பிரசங்கி” என்பது இன்று இடமறியாது பேசும் துடுக்கனுக்குப் பெயர். மேடையிற் பொருளின்றி நீளப் பேசினார் பலராதலின் அப்பழி வந்தது. பிரசாரம் என்பதற்கு ஈடாகத் தனித்தமிழன்பர் “பரப்புரை” என்பதனை வழங்கினர். தமிழ்ச்சொல்லால் தமிழ் எழுதுக என்னும் நோக்கம் போற்றத்தக்கதே. ஆயின் பழி நீங்கும்பொருட்டு அதனைக் கொள்வார் ஒன்று நோக்குதல் வேண்டும். “பொய்ப் பரப்புரை” என்னுந் தொடர் இப்போதே செய்தித்தாள்களில் வழங்குகின்றது. பழைய கறை புதிய ஆடையில் ஏறத் தொடங்கிவிட்டது. ஆடையை மாற்றுவார் அழுக்கைக் கழுவினாரல்லர்.

சொற்கள் இழியும் வழிகளைப் பகுத்து நோக்கின் மூன்று புலனாகும்.

ஒன்று, மறைத்துச் சொல்லும் வழக்கு. அவையிற் கூறத்தகாததனை வேறு சொல்லான் மறைத்துக் கூறுதலை நன்னூலார் இடக்கரடக்கல் என்பர். மறைக்கப் போர்த்த சொல், நாளடைவில் மறைக்கப்பட்ட பொருளுக்கே பெயராய்விடும். நாற்றம் என்பது மூக்கின் புலனாய் வரும் எதற்கும் பொதுப்பெயர். திருக்குறளில் அரும்பினுள் அடங்கிய மணத்துக்கும் அதுவே பெயர். தீநாற்றத்தைத் தீயதென்று வெளிப்படக் கூறாது நாற்றமென்ற அளவில் நிறுத்திப் பேசப் பேச, பொதுச்சொல் தீமைக்கே உரிமையாயிற்று. நன்மைக்கு மணம், வாசனை என்னும் பிற சொற்கள் வந்தன. சிவாலயத்து மலரின் நாற்றத்தைப் போற்றும் பழம்பாடலைக் கேட்டுச் சிறுவர் நகைப்பது இதனால்.

இரண்டாவது, செயலின் கேடு. சூழ்ச்சி என்பது ஆராய்ந்து எண்ணுதல். திருவள்ளுவர் வினைசெயல்வகையின் முதற்குறளில் அப்பொருளிலேயே அதனை ஆண்டனர். அரசவையில் மறைவாக எண்ணுவார் பிறர் கேட்டையே எண்ணிய காலத்து, எண்ணம் வஞ்சமாயிற்று; சூழ்ச்சியும் சதியாயிற்று. பிரசாரமும் சாயமும் இவ்வழியின.

மூன்றாவது, மாந்தர்மேற்கொண்ட இகழ்ச்சி. மூன்றனுள்ளும் கொடியது இதுவே. இங்குக் குறிக்கப்பட்டார் தீது செய்யாதிருப்பவும் சொல் தீதாகின்றது. பண்டாரம் என்பது கருவூலம். கல்வெட்டுக்களிற் கோயிற் கருவூலம் ஸ்ரீபண்டாரம் எனப்படும். திருவாவடுதுறை, தருமபுரம் முதலிய ஆதீனத் தலைவர் இன்றும் பண்டாரசந்நிதி என்றே போற்றப்படுகின்றனர். கொங்கு நாட்டுச் சிற்றூர்க் கோயில்களிற் பூசை செய்து மாலை தொடுக்கும் எளியவரும் பண்டாரமே. ஆயினும் தெருவிற் பூசல் எழுந்தால் “பரதேசிப் பண்டாரம்” என்பது வசையாய் வருகின்றது. ஒரு சொல்லே ஆதீனவாயிலில் வணக்கத்துக்குரியதாய், தெருவில் ஏசுதற்குரியதாய் நிற்பதாயின், குற்றம் சொல்லினிடத்தன்று என்பதற்கு வேறு சான்று வேண்டா. செல்வமும் அதிகாரமும் சூழ்ந்தவிடத்து வணங்கிய உலகம், வறுமை சூழ்ந்தவிடத்து இகழ்ந்தது, அவ்வளவே.

தேவரடியார் என்பதன் வீழ்ச்சி இன்னும் இரங்கத்தக்கது. இறைவன் அடிக்குரியார் என்னும் பொருளுடைய அப்பெயர் சோழர் கல்வெட்டுக்களில் மதிப்போடு காணப்படும். அவர்கள் கோயில்களுக்குக் கொடையளித்த செய்திகளும் அவற்றுள் உள. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிற்குப் பணிபுரிய 400 தளிச்சேரிப் பெண்டிரை அமர்த்தி, மனையும் பங்கும் அளித்தமை 1014-ஆம் ஆண்டுக் கல்வெட்டாற் றெரிகின்றது. பிற்காலத்துச் செல்வர் அம்மகளிரைத் தம் இன்பத்துக்கு உரியராக்கினர். 1947-ஆம் ஆண்டிற் சென்னை மாகாணச் சட்டம் கோயிலுக்குப் பெண்டிரைப் பொட்டுக்கட்டி விடுதலை விலக்கியது. வழக்கம் ஒழிந்தது, ஆயின் அப்பெயரின் சிதைவு பெண்டிரை ஏசும் கொடுஞ்சொல்லாய் இன்றும் நிலவுகின்றது. பிழை செய்த செல்வர்க்கு ஒரு வசைப்பெயரும் எஞ்சவில்லை; பிழைக்கு இரையான மகளிர்க்கே அது எஞ்சிற்று. சொல்லின் வரலாற்றை ஆராய்வார் இவ்வநீதியையும் உடன் காணுதல் கடன்.

இவ்வாராய்ச்சி மொழிநூலார்க்கே உரியதன்றோ, சைவர்க்கு இதனாற் பெறப்படுவது என்னையெனின், கூறுதும். சித்தாந்த சாத்திரத்தின் உயிர்ச்சொற்களே இவ்வாற்றால் திரிந்துள்ளன. திரிந்த பொருளை உட்கொண்டு சாத்திரம் கற்பார் சித்தாந்தத்தையே பிறழ உணர்வர்.

மாயை என்பதனை நோக்குக. உலகவழக்கில் மாயையென்றால் பொய்த்தோற்றம், ஏமாற்று. சித்தாந்தத்தில் மாயை உள்பொருள், நித்தமானது, உயிர்களுக்குத் தனு கரண புவன போகங்களைத் தரும் முதற்காரணம், ஆணவ இருளில் மூழ்கிய உயிருக்கு விடியுமளவும் விளக்குப்போல் உதவுவது. அழுக்குத் துணியை வெளுப்பான் உவர்மண்ணும் சாணமும் கூட்டி அவற்றாலேயே அழுக்கை நீக்குமாறு, மாயையைக் கூட்டி ஆணவத்தை நீக்குவான் இறைவன் என்பது ஆசிரியர் காட்டும் உவமை. வெள்ளகோவிலிற் பாவுக்குக் கஞ்சியிடுவார்க்கு இவ்வுவமை எளிதின் விளங்கும். நூல் அறாது நெய்யப்படுதற்கென்றே கஞ்சி ஏற்றப்படுகின்றது. நெய்து முடிந்தபின் அது கழுவப்படுகின்றது. கழுவப்படுதலின் கஞ்சி பகையென்பார் தொழில் அறியாதார். அவ்வாறே, நீங்குதற்குரியதாகலின் மாயை வஞ்சகமென்பார் சித்தாந்தம் அறியாதார். உலகவழக்கின் மாயையைக் கொண்டு சிவஞானபோதத்தைக் கற்பான், தன்னை அறியாமலே மாயாவாதியாய் எழுவான்.

ஆணவமும் அன்னது. உயிரின் வியாபக அறிவை மறைத்து அணுத்தன்மைப்படுத்தும் அநாதியிருள் அது. எல்லா உயிர்க்கும் பொது. உலகரோ அதனைச் செருக்கென்று சுருக்கிப் பிறர்மேல் ஏற்றிக் கூறுகின்றனர். “அவனுக்கு ஆணவம்” என்பவன், தனக்கும் அது உண்டென்பதை மறக்கின்றான். தன்னை நோக்குதற்கு ஆசிரியர் தந்த சொல், பிறனைப் பழித்தற்குக் கருவியாயிற்று.

இதற்கு மறுதலையாய் உயர்ந்த சொல்லும் உண்டு. பாசம் என்பது கயிறு, தளை. உலகவழக்கில் அது தாயன்பின் பெயராயிற்று. ஆதலின் பாசநீக்கம் என்னுந் தொடரைக் கேட்ட இளைஞன், சைவம் தாயன்பை வெட்டச் சொல்கின்றதோவென்று மயங்குகின்றான். சொல் தாழ்ந்தால் மட்டுமன்று, உயர்ந்தாலும் சாத்திரப்பொருள் மறையும் என்பது இதனால் விளங்கும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை சித்தாந்திகள் நன்கறிந்ததொன்றே. உயிர் சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் இயல்புடையது. இருளைச் சாரின் இருளாயும், ஒளியைச் சாரின் ஒளியாயும் நிற்கும். படிகம் தன்னை அடுத்த மலரின் நிறத்தைக் காட்டினும் அதன் இயல்பு கெடுவதில்லை. சொல்லும் உயிர் வழங்குவதாகலின் அத்தன்மைத்தாயிற்று. பொய்யரைச் சார்ந்த சொல் பொய்யின் நிறத்தையும், இகழ்வாரைச் சார்ந்த சொல் இகழ்ச்சியின் நிறத்தையும் காட்டும். படிகத்தில் தோன்றிய கருமையை நீக்க விழைவான், அடுத்துள்ள கரும்பொருளை அகற்றல்வேண்டும்; படிகத்தை எறிதல் அறிவன்று.

இனி, இழிந்த சொற்களை யாண்டும் பழம்பொருளிலேயே வழங்குதல்வேண்டும் என்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. இன்று ஒருவரை நோக்கித் தேவரடியார் என்றோ பண்டாரம் என்றோ கூறி, அவர் வருந்தியவழிக் கல்வெட்டைக் காட்டிப் பழம்பொருள் பேசுதல் அறமாகாது. உயிரோடிருப்பாரைப் புண்படுத்துஞ் சொல்லை, அதன் பிறப்புத் தூயதென்னும் காரணத்தால் அவர்மேல் எறிதல் கல்வியின் பெயராற் செய்யும் கொடுமை. ஆகவே வேறுபாடு உணர்ந்து நடத்தல் வேண்டும். மாந்தரைக் குறிக்குஞ் சொல்லாயின், அவர் விரும்பும் பெயரே வழங்கற்பாலது. கல்வெட்டிலும் திருமுறையிலும் காணும்வழி மட்டும் அதன் மெய்ப்பொருளை எடுத்துரைத்தல் தகும். சாத்திரக் கலைச்சொல்லாயின் விட்டுக்கொடுத்தல் ஆகாது. கற்பிக்கும் ஆசிரியர் முதல் நாளிலேயே உலகப்பொருள் இது, சாத்திரப்பொருள் இதுவெனப் பிரித்துக்காட்டல் வேண்டும். பிரசாரம் போலத் தொழிலைக் குறிக்குஞ் சொல்லாயின், அதனைக் கொள்ளினும் பரப்புரையைக் கொள்ளினும் இழுக்கில்லை. தொழில் தூயதாதலே வேண்டுவது. பிறசமயக் கொள்கையைத் திரித்துக் கூறியும், கல்வெட்டில் இல்லாததை உண்டென்றும், தலவரலாற்றுக்குப் பொய்யாண்டு கற்பித்தும் பேசுவானாயின், அவன் வழங்கும் எச்சொல்லும் நாளை இழிசொல்லாம்.

இழிந்த சொல் மீள உயருமோ என்று ஐயுறுவார்க்குத் திருவெண்ணெய்நல்லூரே விடை கூறும். திருமணத்தைத் தடுத்து அடிமையென வழக்குத் தொடுத்த முதிய வேதியரைச் சுந்தரர் பித்தன் என்று வைதனர். வழக்கில் வென்று ஆட்கொண்ட இறைவன், அவ்வசைச்சொல்லையே முதலாக வைத்துப் பாடுகவென அருளினன். வன்மை பேசியதற்காக வன்றொண்டன் என்பதும் அவர்க்குப் பெயராயிற்று. அடிமை என்னும் சொல்லும் அன்றுமுதல் அவர்க்கு அணியாயிற்று. சொல் ஒன்றும் மாற்றப்படவில்லை, சொன்னவர் மாறினர். வெள்ளகோவிலுக்கு வடகிழக்கே காவிரிக்கரையில் விளங்கும் திருப்பாண்டிக்கொடுமுடியில் நமச்சிவாயத் திருப்பதிகம் பாடியவரும் அவரே. வசையுரைத்த நாவே மறக்கவொண்ணாத் திருவைந்தெழுத்தை ஓதும் நாவாயிற்று.

நொய்யல் தெளியும் நாளிற் சாயம் என்னுஞ் சொல்லும் தெளியும். மேடையில் மெய் பேசப்படும் நாளிற் பிரசாரமும் பழி நீங்கும். பண்டாரத்தின் கைம்மாலையை இறைவன் தோளிற் கண்டு மகிழ்வார், மாலை தொடுத்த கையையும் மதிக்கும் நாளில் அப்பெயரும் கருவூலம் என்னுந் தன் பொருளுக்கு மீளும். அதுகாறும் அகராதியைத் திருத்துவதனால் ஆவது சிறிது. ஒழுக்கத்தைத் திருத்துவதனால் ஆவது பெரிது. சைவ நன்மக்கள் இதனை ஆராய்ந்து கடைப்பிடிப்பாராக.

திருச்சிற்றம்பலம்.